எஞ்சினைக் கழற்றினால் மட்டும் போதாது

மின்சாரக் கார்களைப் பற்றியும் ஸ்கூட்டர்களைப் பற்றியும் நம்மிடையே ஓயாமல் பேச்சு நடக்கிறது. மின்சாரப் படகுகளைப் பற்றிப் பேசுவோர் மிகக் குறைவு. அவர்களிலும் பெரும்பாலோர், காருக்குச் செய்ததையே படகுக்கும் செய்துவிடலாம், டீசல் எஞ்சின் இருந்த இடத்தில் ஒரு மோட்டாரையும் பேட்டரியையும் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுகிறார்கள். சாலையில் ஏறக்குறைய செல்லுபடியாகும் இந்த எண்ணம் தண்ணீரில் இறங்கியதும் தவறிப்போகிறது. படகில் எஞ்சினை மாற்ற வேண்டுமானால், படகின் வடிவத்தையும் அது போகும் வேகத்தையும் அது ஓடும் தடத்தையும் சேர்த்தே யோசித்தாக வேண்டும். அப்படி யோசிக்க முடிகிற இடங்களில் டீசலுக்கு இனி வேலையே இல்லை. இதுவே என் உறுதியான கருத்து. இதற்கான சான்றைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை, கேரளம் வரை போனால் போதும்.

வைக்கம் என்றதும் தமிழ் வாசகருக்கு 1924-ஆம் ஆண்டுப் போராட்டமும் பெரியாரும் நினைவுக்கு வருவது இயல்பு. அந்த ஊரின் படகுத் துறையிலிருந்து வேம்பநாட்டுக் காயலைக் கடந்து எதிர்க்கரையிலுள்ள தவணக்கடவுக்குப் போகும் தடத்தில், 2017 ஜனவரியில் ‘ஆதித்யா’ என்ற சூரிய ஒளிப் படகு ஓடத் தொடங்கியது. கேரள மாநில நீர்ப் போக்குவரத்துத் துறைக்காக அதைக் கட்டியது கொச்சியைச் சேர்ந்த நவால்ட் நிறுவனம். அதைத் தொடங்கிய சந்தித் தண்டாசேரி, சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டுமானப் பொறியியல் படித்தவர். படகின் நீளம் 20 மீட்டர், அகலம் 7 மீட்டர். 75 பேர் உட்காரலாம். கூரையில் 20 கிலோவாட் சூரியத் தகடுகளும், 50 யூனிட் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் லித்தியம் பேட்டரியும், தலா 20 கிலோவாட் திறனுள்ள இரண்டு மோட்டார்களும் அதில் உள்ளன. இரண்டு மோட்டார்களையும் கூட்டினாலும் 54 குதிரைத்திறன்தான் வருகிறது. இன்றைய சிறிய கார் ஒன்றின் எஞ்சின்கூட இதைவிட வலுவானது.

அதில் பயணம் செய்தபோது என் கவனத்தை முதலில் இழுத்தது, இருக்கைக்கு அடியில் அதிர்வே இல்லாமல் இருந்ததுதான். அந்த நீர்ப் போக்குவரத்துத் துறையின் டீசல் படகுகளில் போனவர்களுக்குத் தெரியும்: எஞ்சினுக்கு அருகில் உட்கார்ந்தால் பல்லே நடுங்கும், பக்கத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். அந்தப் படகுகளில் முன்னால் நின்று சுக்கானைப் பிடிப்பவர் ஒருவர், நடுவில் எஞ்சினோடு உட்கார்ந்திருப்பவர் இன்னொருவர். வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ பின்னோக்கி எடுக்கவோ வேண்டுமானால், முன்னால் இருக்கும் சிராங்கு ஒரு கயிற்றை இழுத்து மணியடிப்பார். அந்த மணியைக் கேட்டு எஞ்சின் டிரைவர் கியரை மாற்றுவார். துறையை நெருங்கும் நேரத்தில் மணி விட்டுவிட்டு ஒலிப்பதும், ஒவ்வொரு மணிக்கும் எஞ்சின் ஒரு கணம் தாமதித்துப் பதில் சொல்வதும் பழகிய காட்சி. ஆதித்யாவில் அந்தக் கயிறு இல்லை. சுக்கானைப் பிடித்திருப்பவரின் கைக்கருகிலேயே மோட்டார்களுக்கான நெம்புகோல்கள் இருக்கின்றன. ஒன்றை முன்னும் மற்றொன்றைப் பின்னும் தள்ளினால், படகு ஏறக்குறைய நின்ற இடத்திலேயே திரும்பிவிடும். ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கும் ஒரு காயலில், குறுகிய துறையில் படகை ஒட்டி நிறுத்துகிறவருக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பதை அவர் கையின் நிதானத்தைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம்.

75 பேரைச் சுமக்கும் ஒரு படகு இவ்வளவு குறைந்த திறனில் எப்படி ஓடுகிறது என்ற கேள்விக்கு விடை மோட்டாரில் இல்லை, படகின் உடலில் இருக்கிறது. அது கண்ணாடி இழையால் ஆன, எடை குறைந்த, ஒடுங்கிய இரண்டு உடல்களை இணைத்துக் கட்டப்பட்ட படகு. அது போகும் வேகம் மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர். இந்த இரண்டையும் புரிந்துகொள்ளத் தண்ணீரின் குணத்தைச் சற்று விளக்க வேண்டும்.

நகரும் படகு தன் முன்புறத்தில் ஓர் அலையையும் பின்புறத்தில் ஓர் அலையையும் எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலையின் நீளமும் கூடும். ஒரு கட்டத்தில் அலையின் நீளமும் படகின் நீளமும் சமமாகிவிட, படகு தான் உண்டாக்கிய பள்ளத்திலேயே உட்கார்ந்து, தான் உண்டாக்கிய மேட்டின்மீதே ஏற முயல்கிறது. 6 மீட்டர் நீளமுள்ள சாதாரணப் படகுக்கு இந்த எல்லை மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டரில் வந்துவிடும்; படகு நீளமானால் எல்லையும் சற்று உயரும். ஆதித்யாவைப் போல நீண்டு ஒடுங்கிய உடல் எழுப்பும் அலை சிறியதாக இருப்பதால், இந்த மேடு அதை அவ்வளவாக வருத்துவதில்லை. எல்லைக்குக் கீழேயும் கணக்கு கடுமையானதுதான். வேகத்தை இரண்டு மடங்காக்கினால் தேவைப்படும் திறன் ஏறக்குறைய எட்டு மடங்காகிறது. பயணம் பாதி நேரத்தில் முடிந்துவிடும் என்றாலும், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் செலவாகும் ஆற்றல் நான்கு மடங்கு ஆகிவிடுகிறது. இதைத் திருப்பிப் படித்தால் அதுவே நல்ல செய்தி. வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சம்மதிக்கும் படகுக்குத் தண்ணீர் அள்ளிக் கொடுக்கிறது.

இந்த எல்லையைத் தாண்டி வேகமாகப் போக விரும்பும் படகு, உடலை உயர்த்தி நீரின் மேற்பரப்பில் வழுக்கிச் செல்ல வேண்டும். உலகெங்கும் உல்லாசப் படகுகளும் காவல் படகுகளும் அப்படித்தான் போகின்றன. அதற்கான விலை பெரியது. மின்சாரக் கார் ஒன்று நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் போக 15 முதல் 20 யூனிட் வரை செலவழிக்கிறது. 7 மீட்டர் நீளமுள்ள ஒரு வேகப் படகு மணிக்கு 45 கிலோமீட்டரில் போனால், அதே தூரத்துக்கு அதுபோல எட்டுப் பத்து மடங்கு கேட்கும். காரில் காலை எடுத்தாலும் வண்டி உருளும், இறக்கத்தில் பேட்டரிக்குக் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். தண்ணீரில் கையை எடுத்த மறுகணமே படகு தளர்ந்து அமர்ந்துவிடும். ஓடும் நேரம் முழுவதும் மோட்டார் முழு மூச்சோடு உழைத்தாக வேண்டும்.

இதோடு பேட்டரியின் எடையைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் ஆற்றல் அடங்கியிருக்கிறது. படகின் பின்புறத்தில் வெளியே மாட்டும் அவுட்போர்டு எஞ்சின் அதில் கால் பங்கைத்தான் சுழற்சியாக மாற்றுகிறது, மற்றதெல்லாம் வெப்பமாகப் போகிறது. மின்சார மோட்டாரோ பத்தில் ஒன்பது பங்கைச் சுழற்சியாக்கிவிடும். இவ்வளவு பெரிய சாதகத்தை மோட்டாருக்குக் கொடுத்த பிறகும், 100 லிட்டர் பெட்ரோல் செய்யும் வேலையைச் செய்யச் சுமார் 250 யூனிட் பேட்டரி வேண்டும். படகுக்கேற்ற உறை, குளிரூட்டும் குழாய்கள் எல்லாம் சேர்த்து அதன் எடை ஒன்றரை டன் வரும். அந்த 100 லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 75 கிலோதான். ஒன்றரை டன் ஏற்றிய படகு இன்னும் ஆழமாக அமிழும், அதைத் தூக்கி வழுக்கச் செய்ய இன்னும் அதிகத் திறன் வேண்டும், அதற்கு இன்னும் பெரிய பேட்டரி வேண்டும். பழைய வேகப் படகின் உடலை அப்படியே வைத்துக்கொண்டு எஞ்சினை மட்டும் மாற்றுகிறவர்கள் இந்தச் சுழலில்தான் சிக்குகிறார்கள்.

வரலாற்றிலும் இந்தக் கணக்குத்தான் வென்றது. படகில் மோட்டார் என்பது புதிய யோசனையே அல்ல. 1838-இல் மோரிட்ஸ் யாக்கோபி, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் நேவா ஆற்றில் மின்கலங்களால் இயங்கும் துடுப்புச் சக்கரப் படகை ஓட்டிக் காட்டினார். 1881-இல் குஸ்தாவ் துரூவே, கழற்றி மாட்டக்கூடிய மின் மோட்டாரைப் படகின் பின்புறத்தில் பொருத்திப் பாரிஸின் சேன் ஆற்றில் ஓட்டினார்; உலகின் முதல் அவுட்போர்டு மோட்டார் மின்சாரத்தில்தான் ஓடியது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 1893-ஆம் ஆண்டுச் சிகாகோ உலகக் கண்காட்சியில் 50-க்கும் மேற்பட்ட மின்சாரப் படகுகள் பார்வையாளர்களை ஏற்றிச் சென்றன. அவற்றை இயக்குவதற்காகப் பிறந்த எல்கோ நிறுவனமே பிற்காலத்தில் பெட்ரோலுக்கு மாறி, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படைக்கு அதிவேக டார்ப்பிடோ படகுகளைக் கட்டிக் கொடுத்தது. ஓலே எவின்ரூட் தன் பெட்ரோல் அவுட்போர்டை விற்கத் தொடங்கிய 1909-ஆம் ஆண்டிலேயே, ஜெர்மனியின் பவேரியாவில் கோனிக்ஸே ஏரியில் மின்சாரப் பயணிகள் படகுகள் ஓடத் தொடங்கின. அவை இன்றும் ஓடுகின்றன. ஏரியின் அமைதியையும் நீரின் தூய்மையையும் காக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு அங்கே இருந்தது. படகுகள் மெதுவாகப் போனால் போதுமானதாகவும் இருந்தது. அந்த ஆண்டின் இரண்டு நிகழ்ச்சிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எது எங்கே வெல்லும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

ஆதித்யாவுக்கு 2020-இல் கிடைத்த சர்வதேச விருது, அந்தத் துரூவேயின் பெயரில் வழங்கப்படுவது. கேரளம் அத்தோடு நின்றுவிடவில்லை. 2023 ஏப்ரலில் கொச்சி வாட்டர் மெட்ரோ தொடங்கப்பட்டது. கொச்சி கப்பல் கட்டும் தளம் அதற்காகக் கட்டிய 100 பேர் பயணிக்கும் அலுமினியப் படகுகளும் இரட்டை உடல் கொண்டவையே. அவற்றில் இருக்கும் பேட்டரியின் தேர்வு என்னை மிகவும் கவர்ந்தது. லித்தியம் டைட்டனேட் என்ற அந்த வகை, அதே எடையுள்ள மற்ற லித்தியம் பேட்டரிகள் தேக்குவதில் ஏறக்குறைய பாதியளவு மின்சாரத்தையே தேக்கும். படகில் எடைதான் எதிரி என்று மேலே இவ்வளவு நீளமாக எழுதிய பிறகு, பாதி மின்சாரம் தேக்கும் பேட்டரியை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? அது எளிதில் தீப்பற்றுவதில்லை, ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கினாலும் தளர்வதில்லை, பயணிகள் ஏறி இறங்கும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் வேண்டிய அளவு ஏற்றிக்கொள்கிறது. ஒரு துறையிலிருந்து அடுத்த துறைக்குப் போய் நிற்கும் படகுக்கு நாள் முழுவதுக்கான மின்சாரத்தைச் சுமந்து திரிய வேண்டிய கட்டாயம் இல்லை. தடம் தெரிந்திருந்தால் பேட்டரியைச் சிறிதாக வைத்துக்கொள்ளலாம் என்பதை இதைவிடத் தெளிவாக விளக்கும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. தீயைப் பற்றிய அக்கறையும் வெற்றுப் பயமல்ல: 2019-இல் நார்வேயில் ஒரு படகின் பேட்டரி அறையில் தீப்பிடித்து, அணைத்த மறுநாள் அங்கே வாயு வெடித்தது. உப்பு நீருக்கு நடுவே உயர் மின்னழுத்தத்தை வைத்திருப்பவர்கள் அந்த நிகழ்வை மறக்கக் கூடாது.

வேகமும் வேண்டும், மின்சாரமும் வேண்டும் என்பவர்களுக்கு ஸ்டாக்ஹோம் ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. அங்கே கண்டேலா நிறுவனத்தின் பி-12 என்ற 30 பயணிகள் படகு, 2024-இன் இறுதியில் எக்கெரோ தீவுக்கும் நகர மையத்துக்கும் இடையே ஓடத் தொடங்கியது. கரிம இழையால் ஆன அதன் உடலுக்கு அடியில் விமானத்தின் இறக்கையைப் போன்ற தகடுகள் நீருக்குள் இருக்கின்றன. வேகம் பிடித்ததும் படகின் உடல் முழுவதுமாக நீரைவிட்டு மேலே எழும்பிவிடுகிறது; மணிக்கு 46 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதும் நீரைத் தொடுவது அந்த இறக்கைகளும் அவற்றைத் தாங்கும் கால்களும் மோட்டார்களுமே. அலையின் ஏற்ற இறக்கத்துக்கேற்ப இறக்கைகளை நொடிக்குப் பல முறை திருத்திக்கொண்டே இருக்கும் கணினி இல்லாமல் இது நடக்காது. அலை எழுப்பாமல் போவதால் கரை அரிப்பதில்லை என்று கண்டு, அந்தப் படகுக்கு மட்டும் வேகக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கும் கிடைத்தது. 55 நிமிடப் பயணம் 30 நிமிடமாகக் குறைந்தது. எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. அறுந்த வலைகளும் பிளாஸ்டிக் பைகளும் ஆகாயத்தாமரையும் மிதக்கும் நம் நீர்நிலைகளில் அந்த மெல்லிய இறக்கைகள் எவ்வளவு நாள் தாங்கும் என்பதை ஓட்டிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இனி நம் கரைக்கு வருகிறேன். தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஃபைபர் படகுகளில் போகும் மீனவர்களுக்கும் மோட்டாரைக் கொடுத்துவிட வேண்டும் என்று சிலர் எழுதுவதைப் படிக்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. அவர்கள் பயன்படுத்தும் எஞ்சின்களின் தீமைகளை நான் மறைக்க விரும்பவில்லை. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் பழைய டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டுகளில், உள்ளே போகும் எரிபொருளில் கால் பங்கு வரை எரியாமலே வெளியேறி, புகையோடு தண்ணீருக்குள் கலக்கிறது. ஆண்டுக்கணக்கில் அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவரின் காது என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 10 குதிரைத்திறனில் இரண்டு மணி நேரம் போய், இரண்டு மணி நேரம் திரும்ப 30 யூனிட் வேண்டும். அதற்கே பேட்டரி 190 கிலோவுக்குக் குறையாது. எதிர்க்காற்று, நீரோட்டம், வலையைத் தேடி அலையும் நேரம் என்று பாதியாவது கூடுதலாக வைத்துக்கொண்டால்தான் கடலில் இறங்க முடியும், அப்போது 300 கிலோவை நெருங்குகிறோம். இந்தப் படகுகளில் பல துறைமுகத்தில் நிற்பவை அல்ல. அலையை உடைத்து இறங்கி, திரும்பி வந்து மணலில் ஏறுபவை. அந்த மணலில் மின் இணைப்பு எங்கே இருக்கிறது?

நாகப்பட்டினத்துக்கு அருகே வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த வயதான மீனவர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தம்பி, நடுக்கடல்ல எஞ்சின் நின்னா பிளக்கக் கழட்டித் தொடச்சிட்டு வந்துருவேன். இது நின்னா நான் யாரக் கூப்பிடுறது?” என்றார். இதைவிட நேர்மையான ஆட்சேபத்தை நான் எந்தப் பொறியாளரிடமும் கேட்டதில்லை. எஞ்சின் அவருக்குத் திறந்த பொருள். அதன் ஒவ்வொரு உறுப்பையும் அவர் கை அறியும். மூடி முத்திரையிட்ட மோட்டாரும், கணினி கட்டுப்படுத்தும் பேட்டரியும் அந்த அறிவை அவரிடமிருந்து பறித்துவிட்டு, எங்கோ இருக்கும் ஒரு சேவை மையத்திடம் கொடுத்துவிடுகின்றன. கரையோர ஊர்களில் மோட்டார் பழுது பார்க்கக் கற்றவர்கள் பெருகும் வரையிலும், பேட்டரியை மீனவர் விலைக்கு வாங்காமல் கூட்டுறவுச் சங்கத்திடம் நிரப்பிய ஒன்றை எடுத்து, காலியானதைக் கொடுக்கும் ஏற்பாடு வரும் வரையிலும், ஆழ்கடலுக்குப் போகும் சிறு படகை நாம் தொந்தரவு செய்யக் கூடாது. மானிய விலை டீசலையும் மண்ணெண்ணெயையும் காட்டி அவர்களை மாசுபடுத்துவோர் என்று பேசுவது அநியாயம்.

காயலிலும் கழிமுகத்திலும் மெதுவாக ஓடும் படகுகள் வேறு வகை. பழவேற்காடு ஏரியிலும், முட்டுக்காட்டிலும், பிச்சாவரத்துச் சதுப்பு நிலக் காட்டின் வாய்க்கால்களிலும் எஞ்சினால் ஓடும் படகுகளுக்கு வேகம் தேவையில்லை, தூரமும் அதிகமில்லை. மெதுவாகச் சுழலும்போதே முழு முறுக்குவிசையைத் தருவது மின் மோட்டாரின் இயல்பு என்பதால், அதில் பெரிய புரொப்பல்லரை மாட்டி நிதானமாகச் சுழற்றலாம். சிறிய புரொப்பல்லரை வெறிபிடித்தாற்போல் சுழற்றும் அவுட்போர்டைவிட அது தண்ணீரை நன்றாகப் பற்றித் தள்ளும். பிச்சாவரத்தில் அலையாத்தி மரங்களின் வேர்களுக்கிடையே எஞ்சின் சத்தம் எழும்போது கொக்குகள் கூட்டமாகக் கிளம்பிப் போவதைப் பார்த்தவர்கள், அங்கே மோட்டார் ஏன் வேண்டும் என்று விளக்கம் கேட்க மாட்டார்கள்.

கடலிலும் நமக்கு ஒரு தடம் இருக்கிறது. கன்னியாகுமரியில் கரையிலிருந்து சுமார் அரைக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள விவேகானந்தர் பாறைக்கு, பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகுகள் காலை முதல் மாலை வரை போய்வருகின்றன. தூரம் சிறியது, புறப்படும் துறையும் சேரும் துறையும் மாறுவதில்லை, பயணிகள் ஏறும் நேரமெல்லாம் படகு கரையில் நிற்கிறது, இரவு முழுவதும் ஓய்வு. கொச்சியில் பேட்டரிக்குச் சாதகமாக இருந்தவை அனைத்தும் இங்கேயும் இருக்கின்றன. காயலின் அமைதி மட்டும் இல்லை. முக்கடலின் அலை துறையில் மோதித் திரும்பும்போது, படகைப் பாறையில் இடிக்காமல் பிடித்து நிறுத்த எஞ்சினைச் சட்டென்று முழுத் திறனுக்கு ஏற்றி இறக்க வேண்டியிருக்கிறது. சட்டென்று திறன் தருவதில் மோட்டாரை எஞ்சின் மிஞ்ச முடியாது. ஆனால் அந்தத் தருணங்கள் பேட்டரியிலிருந்து எவ்வளவு இழுக்கும் என்பது தெரியாமல் படகின் வரைபடத்தைப் போட முடியாது. ஆகவே முதல் வேலை மிக எளிமையானது. இப்போது ஓடும் டீசல் படகுகளில் ஒன்றின் சுழல்தண்டில் ஓர் அளவுகருவியைப் பொருத்தி, தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் பொங்கும் ஜூன், ஜூலை மாதங்களில், சேவை நடக்கும் நாட்களிலெல்லாம் அது எந்த நொடியில் எவ்வளவு திறன் செலவழிக்கிறது என்பதைப் பதிவு செய்ய வேண்டும். பேட்டரியின் அளவையும், எந்தக் கரையில் மின்னேற்றும் நிலையம் வைப்பது என்பதையும் அந்தப் பதிவிலிருந்தே முடிவு செய்யலாம்.